மேலாள் முறை (நகரத்தார் வட்டிக்கடைகள்)

மேலாள் முறை என்பது செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் கடல்கடந்த வட்டிக்கடைகளை, ஊரில் இருந்தபடியே, சம்பள ஆட்களைக் கொண்டு நடத்திய ஏற்பாடு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை பர்மா, மலேயா, இலங்கை உள்ளிட்ட இடங்களில் இது செழித்திருந்தது. கடைப் பொறுப்பாளர் மேலாள்; ஏஜண்டு என்றும் சொல்வார்கள். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். இரங்கூனில் ஒன்று, ஐராவதிக் கழிமுகத்தில் இரண்டு, பினாங்கில் ஒன்று என்று கடைகள் பெருகியபின், எதிலும் தானே உட்காருவது அவருக்கு ஆகாத காரியம்.

மேலாளை வழக்கமாக மூன்றாண்டுக் கணக்குக்கு அமர்த்துவார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே கைக்கு வந்துவிடும். சாப்பாடும் தங்கலும் கடைச் செலவு. கணக்கு முடிந்து திரும்புகையில் இலாபத்தில் பங்கு உண்டு. பர்மாவில் அது பெரும்பாலும் பத்தில் ஒன்று. மனைவி மக்கள் பொதுவாக ஊரிலேயே இருப்பார்கள். மூன்றாண்டு முடிந்தால் ஊர் திரும்பிச் சில காலம் இருந்துவிட்டு, அதே கடைக்கோ வேறு கடைக்கோ மறுபடி கப்பலேறுவார்.

முதலாளி கொடுத்த அதிகாரம் சிறியதல்ல. பவர் பத்திரம் பெற்ற மேலாள் கடையின் விலாசத்தில், அதாவது கடைப் பெயரில், கையெழுத்திட்டுக் கடன் கொடுக்கலாம், அடமானம் வாங்கலாம், வழக்குத் தொடுக்கலாம். நடவுக்குப் பணம் கேட்டு வந்து நிற்கும் விவசாயியிடம், ஊருக்குக் கடிதம் எழுதிப் பதில் வரும்வரை காத்திரு என்று சொல்ல முடியாது. யாருக்கு, எவ்வளவு, எந்த ஈட்டின்மேல் என்பதை அந்த ஊர் ஆளை அறிந்த மேலாளே முடிவு செய்தார். கடைகளுக்கிடையே புழங்கிய பணத்துக்கான நடப்பு வட்டியை மேலாளும் தனியே வைக்கவில்லை, முதலாளியும் வைக்கவில்லை. இரங்கூனில் முகல் தெருக் கோயிலில் நகரத்தார் கூடிப் பேசி அதைத் தீர்மானித்தார்கள்.

அப்படியானால் முதலாளிக்கு என்ன வேலை? முதலாவது, ஆளைத் தேர்ந்தெடுப்பது. அடுத்தது, முதலை எங்கே போடுவது, எங்கிருந்து எடுப்பது, புதுக் கடையை எந்த ஊரில் திறப்பது என்பது. மற்றபடி அவருடைய நாள் கணக்குப் பார்ப்பதில் போனது. கடைகளிலிருந்து கடிதங்களும் ஐந்தொகையும் ஒழுங்காக வந்தாக வேண்டும். முதலாளிகளில் பலர் சிறுவயதில் பெட்டியடியில் உட்கார்ந்து தேறியவர்கள். பேரேட்டில் ஒரு பற்று நீண்டகாலம் அசையாமல் கிடந்தால் அதன் பொருள் அவர்களுக்குத் தெரியும். வேலையை ஒப்படைத்தது அதை அறியாததால் அல்ல, அறிந்ததால்தான்.

இதைப் பெருந்தன்மையான நம்பிக்கை என்று மட்டும் கொள்வது பிழை. மேலாள் பெரும்பாலும் சொந்தக்காரர் அல்லது தெரிந்த குடும்பத்தார். கையாடல் வெளிப்பட்டால் வேறெந்தக் கடையிலும் இடம் கிடைப்பது அரிது. பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு வரைக்கும் அது எட்டும். சட்டத்தைவிட இந்தச் சமூகக் கண்தான் முதலாளிக்குப் பலம். நாணயமாக இருந்தவருக்கோ வாசல் திறந்திருந்தது. சேர்ந்த பங்குப் பணத்தைக் கொண்டு சொந்தக் கடை வைத்த மேலாட்கள் ஏராளம். ஆகவே ஒவ்வொரு கடையும் தன் வருங்காலப் போட்டியாளரைத் தானே பயிற்றுவித்தது. முதலாளிகள் அதை அறிந்தே செய்தார்கள்.

1930ஐ ஒட்டி பர்மாவில் மட்டும் சுமார் 1,650 கடைகள் இருந்ததாகவும், போட்ட முதல் 75 கோடி ரூபாய் அளவு என்றும் அங்கு அமைந்த மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. முறையின் ஊனம் வெளிப்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன்காரர்களால் கட்ட முடியாமல் போக, ஈடு வைத்த நிலம் கடைகளின் கைக்கு வந்தது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், சாகுபடி நிலத்தில் நகரத்தாரின் பங்கு 1930இல் சுமார் 6 சதவீதம், 1938இல் 25. யாரும் விரும்பித் தேடிய சொத்தல்ல இது. ஒவ்வொரு மேலாளும் தன் கடை முதலைக் காக்க எடுத்த முடிவுகள், மொத்தமாகச் சேர்ந்து ஒரு சமூகத்தையே அயல்நாட்டு நிலக்கிழாராக்கிப் பர்மியரின் பகைக்கு ஆளாக்கின. ஒரு கடன்காரர் நொடிப்பாரா என்பதை மேலாள் கணிக்கலாம். ஒரு நாட்டின் காற்று திரும்புவதைக் கணிக்க வேண்டியவர் முதலாளி; அந்த வேலையை முதலாளிகளில் சிலரே நேரத்தில் செய்தார்கள். 1942இல் ஜப்பானியர் வருகை பெரும்பாலான கடைகளை மூடியது. எஞ்சியதைப் பின்னர் பர்மிய அரசின் தேசியமயம் முடித்தது.

நேரத்தில் திசை மாற்றியவர்களில் ஒருவர் மு. சிதம்பரம் செட்டியார். அவர் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. 1900இல் பர்மாவில் வட்டித் தொழிலாகத் தொடங்கிய முருகப்பா குடும்பமும் போருக்கு முன்பே முதலைத் தமிழகத்துக்கு நகர்த்தியது. 1949இல் சைக்கிள் உற்பத்தியில் இறங்கியது. 1990களின் இறுதியில் அக்குடும்பத்தார் தனித்தனி நிறுவனங்களின் அன்றாட நிர்வாகத்தைத் தொழில்முறை மேலாளர்களிடம் விட்டுவிட்டு, குழுமத்தின் திசையையும் முதலீட்டையும் தீர்மானிக்கும் வாரியத்துக்கு நகர்ந்தார்கள். பழைய முதலாளி தம்மிடம் வைத்துக்கொண்ட அதே வேலைதான் இது. ஆனால் மேலாளர் உறவினராக இருக்க வேண்டியதில்லை, வாரியத்தில் வெளியாரும் இடம்பெற்றார்கள்.