பம்பாய் இரத்த வகை

வழக்கமான சோதனையில் ஓ வகை போலவே தோன்றினாலும், ஓ வகை இரத்தத்தையும் ஏற்க இயலாத அரிய இரத்த வகை பம்பாய் வகை எனப்படுகிறது. பம்பாய் நகரில் ஒய். எம். பெண்டேயும் உடன் ஆய்வாளர்களும் இதைக் கண்டறிந்து 1952இல் லான்செட் மருத்துவ இதழில் அறிவித்தமையால் இப்பெயர் நிலைபெற்றது. இந்தியாவில் இவ்வகையினர் ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்றும், ஐரோப்பாவில் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்றும் மதிப்பிடப்படுகின்றனர்.

இரத்தச் சிவப்பணுவின் மேற்பரப்பில் அமைந்து, அயலான உடலில் எதிர்ப்பைத் தூண்டவல்ல பொருள் ஆன்டிஜென் ஆகும். அதற்கு எதிராகப் பிளாஸ்மாவில் இருப்பது எதிர்ப்பொருள் ஆகும். 1901இல் கார்ல் லேண்ட்ஸ்டைனர் வகுத்த பாகுபாட்டிற்கு அடித்தளமான ஏ, பி ஆன்டிஜென்கள் இரண்டும் எச் என்னும் மற்றோர் ஆன்டிஜென்மீது சர்க்கரை மூலக்கூறு ஒன்று கூடுதலாகச் சேர்வதால் உருவாகின்றன. ஓ வகையினரிடம் அந்தச் சேர்க்கை நிகழாது எச் மட்டும் எஞ்சுகிறது. பம்பாய் வகையினரிடமோ எச்சே இல்லாததால், ஏ, பி ஆகியவற்றோடு எச்சையும் தாக்கும் எதிர்ப்பொருள் அவர்களது பிளாஸ்மாவில் காணப்படுகிறது. ஓ வகையை எல்லாருக்கும் பொருந்தும் கொடை எனப் பள்ளிப் பாடங்கள் கற்பிப்பது இங்கே ஆபத்தான பாதி உண்மையாகிவிடுகிறது. ஏற்றப்பட்ட சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீரகம் செயலிழந்து, உயிரிழப்பும் நேரலாம்.

இரத்த வகைகளின் பரவல் மக்கள் கலப்பைப் பொறுத்தும் மாறும். எடுத்துக்காட்டாக, வடசென்னையின் யானைக்கவுனி, சவுக்கார்பேட்டைப் பகுதிகளில் தமிழரோடும் தெலுங்கரோடும் குஜராத்தி, மார்வாரிக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. தென்னிந்தியரிடையே ஓ வகையும் வடஇந்தியரிடையே பி வகையும் மிகுதி என்பதால், இத்தகைய ஊரில் வகைகளின் விகிதத்தைப் பொதுக்கணக்கு கொண்டு ஊகிப்பது பயன்தராது. பம்பாய் வகைக்குக் காரணமான எச் ஆன்டிஜென் இன்மையோ, தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு பண்பாகும். மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணக்கும் தமிழக வழக்கம் அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது.

இந்த வட்டாரத்தின் வடக்கே, பழைய தலைமுறையினர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றழைத்த ஸ்டான்லி மருத்துவமனையும், தெற்கே சென்ட்ரல் அருகிலுள்ள அரசுப் பொது மருத்துவமனையும் உள்ளன. இவற்றிலாயினும் வேறெங்காயினும், எந்த இரத்த வங்கியிலும் வகை அறிதல் இரு திசைகளில் நடைபெற வேண்டும். முதலாவதில், நோயாளியின் சிவப்பணுக்களோடு ஏ, பி எதிர்ப்பொருள்களைச் சேர்த்து அணுக்கள் திரள்கின்றனவா என்று பார்க்கப்படுகிறது. இந்த நிலையில் பம்பாய் வகை ஓ என்றே தெரியும். இரண்டாவதில், நோயாளியின் சீரத்தோடு, அதாவது உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரோடு, வகை தெரிந்த சிவப்பணுக்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றுள் ஓ அணுக்களும் திரண்டால்தான் ஐயம் எழும். ஓ அணுக்களைச் சேர்க்காத அவசரச் சோதனையில் இது தப்பிவிடக்கூடும் என்பதால், கொடையாளியின் இரத்தத்தையும் நோயாளியின் சீரத்தையும் நேரடியாகப் பொருத்திப் பார்க்கும் கிராஸ் மேட்ச் இறுதிக் காவலாகிறது. மகப்பேற்றில் முதன்மை பெறும் ஆர்எச் காரணி இதனின்று தனித்த அமைப்பு. பம்பாய் வகையினரும் அதில் பாசிட்டிவாகவோ நெகட்டிவாகவோ இருக்கலாம்.

இவ்வகையினருக்கு இவ்வகை இரத்தமே ஏற்றப்பட வேண்டும். உடன்பிறந்தார் ஒவ்வொருவரும் அதே வகையினராக இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பிருப்பதால் கொடையாளர் தேடல் பெரும்பாலும் வீட்டிலிருந்தே தொடங்குகிறது. முன்கூட்டியே நாள் குறித்த அறுவைச் சிகிச்சையாயின், நோயாளியின் சொந்த இரத்தத்தையே எடுத்துச் சேமித்துவைப்பதும் உண்டு.