தார்ப்பாய் சுமந்து ஓடிய படை

ஒரு லயன் வீடு தீப்பற்றினால் நாம் என்ன செய்கிறோம்? ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் டிரங்குப் பெட்டியையும் அரிசி மூட்டையையும் வெளியே தூக்கிப் போடுகிறார். முதல் வேலைக்கு ஒரு படை இருப்பது நமக்குத் தெரியும். இரண்டாவது வேலைக்கென்றே சம்பளம் வாங்கிய ஒரு படை லண்டன் மாநகரில் இருந்தது. அதன் கதையை இன்று பார்ப்போம்.

1666-ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் நான்கு நாள் எரிந்தது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அந்த அடியிலிருந்துதான் தீக்காப்புறுதி பிறந்தது. காப்புறுதிக் கம்பெனிகள் தங்கள் செலவிலேயே தீயணைப்பு ஆட்களையும் வைத்துக்கொண்டன. தங்களிடம் பதிந்த வீட்டின் சுவரில் ஈயத்தகட்டுச் சின்னம் ஒன்றைப் பதித்தன. 1833-இல் கம்பெனிகள் பல ஒன்றுகூடி, ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பவர் தலைமையில் ஒரே படையாக அமைத்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படைக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் சரக்குக்குப் பொறுப்பேற்றவர்கள். மாடியில் சிக்கிய மனிதரை இறக்கும் ஏணிகளைத் தெருத்தெருவாக நிறுத்தி வைத்ததோ, 1836-இல் தோன்றிய ஒரு தரும சங்கம். சரக்கைக் காக்கக் கம்பெனிப் பணம், உயிரைக் காக்க நன்கொடைப் பணம்! பணக்கார நகரமான லண்டனின் நிலை அப்படித்தான் இருந்தது.

1861 ஜூன் 22-ஆம் நாள், தேம்ஸ் நதிக்கரையில் டூலி தெருக் கிடங்குகளில் தீ மூண்டது. சணல், பருத்தி, சர்க்கரை, மாட்டுக்கொழுப்பு என்று உலகெங்குமிருந்து வந்த சரக்குகள் அங்கே குவிந்திருந்தன. கொழுப்பு உருகி ஆற்றில் மிதந்து, மிதந்தபடியே எரிந்ததாம். தீ பரவாமல் தடுக்க வைத்திருந்த இரும்புக் கதவுகள் திறந்து கிடந்தன. சுவர் சரிந்து பிரெய்ட்வுட் மாண்டார். தீ முழுதும் அணைய இரண்டு வாரம் ஆயிற்று.

நட்டம் தாங்காத கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தின. நகரைக் காப்பது இனி எங்கள் வேலையல்ல என்று அரசாங்கத்திடம் சொல்லிவிட்டன. நமக்கு அது நியாயமாகவே படுகிறது. ஊரைக் காப்பது ஊராட்சியின் கடமையல்லவா? 1865-இல் சட்டம் வந்தது. 1866 முதல் தீயணைப்பு பொதுப்படையின் பொறுப்பாயிற்று. உயிரையும் உடைமையையும் சேர்த்தே காப்பது அதன் கடமை. மறு ஆண்டே அந்த ஏணிகளும் பொதுப்படையிடம் வந்து சேர்ந்தன.

அதே சட்டம் இன்னொன்றுக்கும் இடம் வைத்தது. கம்பெனிகள் தங்கள் செலவில் சரக்கு மீட்கும் படையொன்றை வைத்துக்கொள்ளலாம். அதுவே லண்டன் சால்வேஜ் கோர்ப்ஸ். வாட்லிங் தெருவில் அதற்குத் தலைமையகம்.

மேல்மாடியில் தீ என்றால், பீச்சும் தண்ணீர் கீழ்மாடிச் சரக்கின்மேல்தான் கொட்டும். தீயே காணாத துணி மூட்டையும் தேயிலைப் பெட்டியும் அப்படித்தான் நாசமாகும். ஆகவே மணி அடித்ததும் இவர்கள் தார்ப்பாய்களோடு ஓடினார்கள். ஜன்னலருகே தீயணைப்பாளர் குழாய் பிடித்து நிற்க, கீழே இவர்கள் மூட்டைகளை நடுவில் குவித்துத் தார்ப்பாய் போர்த்தினார்கள். மரத்தூளைக் கொட்டித் தண்ணீரை உறிஞ்ச வைத்தார்கள். தேங்கிய நீரைக் கூட்டித் தள்ளினார்கள். தேவைப்பட்டால் தரையிலேயே துளையிட்டு நீரை வடித்தார்கள். தலைக்கு மேலே கூரை எரியும்போது செய்யும் வேலை இது. தீ அணைந்த பின்னும், கனல் மீண்டும் மூளாமலும் திருடர் நுழையாமலும் காவல் நின்றார்கள்.

லிவர்பூலில் 1842-லும் கிளாஸ்கோவில் 1873-லும் இத்தகைய படைகள் தோன்றின. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1839-லேயே ஒன்று இருந்தது. பிரிட்டனின் மூன்று படைகளும் 1984-இல் கலைக்கப்பட்டன. நியூயார்க் படை 2006 வரை நின்றது. இன்று லண்டனில் தார்ப்பாய் விரிக்கும் வேலையையும் குழாய் பிடிக்கும் தீயணைப்பாளரே பார்த்துக்கொள்கிறார்.