கோட்டை வரிசையும் மொழி எல்லையும்: பெம்புரோக்சயர்க் கடற்கரைச் சான்றுகள்

மொழியைக் காப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் அரண், மதில், காவல் ஆகிய சொற்களை நாம் தயக்கமின்றிக் கையாள்கிறோம். நம் மேடைகளில் அவை உருவகங்கள். வேல்ஸ் நாட்டின் தென்மேற்கு முனையில் உள்ள பெம்புரோக்சயர் மாவட்டத்திலோ அவை கல்லும் மண்ணுமாக நிற்கின்றன. அங்கே நடுக்காலக் கோட்டைகளின் வரிசை ஒன்று உண்டு. வெல்ஷ் மொழிக்கும் ஆங்கிலத்திற்கும் இடையிலான எல்லை, பெரிதும் அவ்வரிசையை ஒட்டியே எண்ணூறு ஆண்டுகளாக நின்று வந்துள்ளது. கோட்டைகளே அவ்வெல்லையை நிலைநிறுத்தின என்பது பரவலான விளக்கம். அவ்விளக்கத்தை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

இப்பகுதியின் கடற்கரை நடைபாதை 1970இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் 186 மைல்; அதாவது ஏறத்தாழ 299 கிலோமீட்டர். பணி ஓய்விற்குப் பின் இதன் சில பகுதிகளை நான் மெதுவாக நடந்து பார்த்திருக்கிறேன். பாறை முகடுகளில் ஏறி இறங்குவோரின் கண் இயல்பாகவே கடலை நாடும். மொழியியல் படித்தவனின் கண் ஊர்ப்பெயர்ப் பலகைகளை நாடுகிறது. வடக்கே ‘டிரெ’, ‘லான்’, ‘அபெர்’ என்று தொடங்கும் வெல்ஷ் பெயர்கள் மிகுதி. நியூகேல் கடற்கரையைக் கடந்து தெற்கே வந்தால், ‘டன்’ என்று முடியும் ஆங்கிலப் பெயர்கள் பெருகுகின்றன. நியூகேலுக்கு மேலே, தனிப்பாறை ஒன்றின் மீது, ரோச் கோட்டையின் கோபுரம் நிற்கிறது. பாம்புக் கடியால் இறப்பாய் என்ற குறிமொழிக்கு அஞ்சிய பிரபு ஒருவன் உயரத்தில் அதைக் கட்டினான் என்றும், விறகுக் கட்டுக்குள் ஒளிந்து வந்த விரியன் அவனைத் தீண்டியது என்றும் கதை சொல்கிறார்கள். நம் பரீட்சித்து மன்னனின் கதையை அறிந்தோர்க்கு இது புதிதாக இராது.

ரோச்சிலிருந்து எல்லை உள்நாட்டில் வளைந்து கிழக்கே சென்று, தெற்குக் கரையில் ஆம்ராத் பக்கம் மீண்டும் கடலைத் தொடுகிறது. இடையில் விஸ்டன், லாஹேடன், நார்பர்த் ஆகிய கோட்டைகள் உள்ளன. இவ்வெல்லையை இன்று ‘லான்ஸ்கர்’ என்பர். இப்பெயர் அண்மைக்காலத்தில்தான் பரவியது. எல்லையோர வெல்ஷ் ஊர்ப்பெயர்களில் ‘காஸ்’ என்னும் முன்னொட்டு அடிக்கடி வருகிறது. லத்தீன் ‘காஸ்டெல்லும்’ வெல்ஷில் ‘காஸ்டெல்’ ஆகி, பெயர்த்தொடரில் ‘காஸ்’ எனக் குறுகியது. உல்ஃப்ஸ்காஸில் என்னும் ஊர் வெல்ஷில் காஸ்பிளைத், அதாவது ஓநாய்க் கோட்டை. விஸ்டன், காஸ்விஸ் ஆகிறது. இவ்வூர்கள் பலவற்றில் இன்று எஞ்சியிருப்பது புல் மூடிய மண்மேடு ஒன்றே. அதன் மேல் ஒரு காலத்தில் மரவேலி இருந்தது.

இவை எழுந்த வரலாறு 1093இல் தொடங்குகிறது. தென்வேல்ஸ் அரசன் ரீஸ் அப் டியூடர் அவ்வாண்டில் கொல்லப்பட்டான். நார்மன் பிரபுக்கள் உடனே மேற்கே பாய்ந்தனர். ஆர்னுல்ஃப் டி மாண்ட்கமரி பெம்புரோக்கில் முதற் கோட்டையை எழுப்பினான். சில ஆண்டுகளில் வெல்ஷ் படை அதை முற்றுகையிட்டது. உணவு தீரும் நிலையில், காவல் தலைவனான வின்சரின் ஜெரால்டு, எஞ்சியிருந்த நான்கு பன்றிகளையும் வெட்டி மதிலுக்கு வெளியே எறியச் செய்தானாம். நான்கு மாதங்களுக்கு உதவி தேவையில்லை என்று ஒரு கடிதம் எழுதி, அது பகைவர் கையில் சிக்குமாறும் பார்த்துக்கொண்டான். முற்றுகை கலைந்தது. இன்று நாம் காணும் பெருங்கோபுரம் வில்லியம் மார்ஷல் 1200ஐ ஒட்டிக் கட்டியது. ஏறத்தாழ 24 மீட்டர் உயரம், கல்லாலான குவிமாடக் கூரை.

இக்கதையை எழுதிவைத்தவர் அந்த ஜெரால்டின் பேரர். அவர் பெயரும் ஜெரால்டுதான். லத்தீனில் கிரால்டஸ் கேம்பிரென்சிஸ். ரீஸ் மன்னனின் மகள் நெஸ்ட் அவருடைய பாட்டி. கடலை நோக்கிய மேனர்பியர் கோட்டையில் 1146ஐ ஒட்டிப் பிறந்தார். சிறுவயதில் அண்ணன்மார் மணலில் கோட்டைகளும் அரண்மனைகளும் கட்டி விளையாட, தாம் தேவாலயங்கள் கட்டியதாக அவரே எழுதியுள்ளார். மேனர்பியர் மணலில் இன்றும் குழந்தைகள் கோட்டைதான் கட்டுகிறார்கள். தேவாலயம் கட்டிய குழந்தை எதையும் நான் பார்க்கவில்லை.

இனி, கோட்டை மொழியைக் காத்ததா என்ற கேள்விக்கு வருவோம். பெம்புரோக், மேனர்பியர் பிரபுக்களின் இல்லமொழி ஆங்கிலம் அன்று, நார்மன் பிரெஞ்சு. மதிலும் அகழியும் முதன்மையாகக் காத்தது அம்மொழி பேசியோரைத்தான். இன்று அம்மாவட்டத்தில் எந்த ஊரிலும் அது பேசப்படுவதில்லை.

அடுத்தது ஃபிளெமிஷ். 1108ஐ ஒட்டி முதலாம் ஹென்றி அரசன், ஃபிளாண்டர்ஸ் நாட்டு மக்களை ஹேவர்ஃபோர்ட்வெஸ்டைச் சூழ்ந்த ரோஸ் பகுதியில் குடியேற்றி, அங்கிருந்த வெல்ஷ் மக்களை விரட்டினான். கடல் தங்கள் நிலத்தை விழுங்கியதால் அவர்கள் இங்கிலாந்துக்கு வந்தனர் என்று வெல்ஷ் அரசர் வரலாறு கூறுகிறது. விஸ்டன் என்ற பெயரே விஸோ என்னும் ஃபிளெமிஷ் தலைவனின் ஊர் என்று பொருள்படும். இம்மக்கள் கம்பளி நெசவிலும் வாணிகத்திலும் வல்லவர்கள் என்றும், வேகவைத்த ஆட்டுக்கிடாயின் தோள்பட்டை எலும்பைப் பார்த்துக் குறி சொல்வார்கள் என்றும் ஜெரால்டு எழுதுகிறார். ஆனால் பதினான்காம் நூற்றாண்டில் ரானுல்ஃப் ஹிக்டன், அவர்கள் தம் பேச்சை விட்டு ஆங்கிலமே பேசுவதாகக் குறித்துவிட்டார். கோட்டைகள் நின்றன, மொழி இரு நூற்றாண்டுகளில் கரைந்தது.

வடக்கிலோ நிலைமை நேர்மாறானது. நியூபோர்ட்டிலும் கில்கெரனிலும் நார்மன் கோட்டைகள் உள்ளன. அங்கும் ஆங்கிலேய வணிகர்கள் நகருக்குள் அழைக்கப்பட்டனர். ஆனால் சுற்றிலும் உழுதவர்கள் வெல்ஷ் குடிகளாகவே இருந்தனர். நிலவுரிமையும் பெரும்பாலும் வெல்ஷ் வழக்கப்படியே நடந்தது. ஆங்கிலப் பெயர் பெற்ற நியூபோர்ட், டிரெஃப்டிராத், அதாவது கடற்கரை மணல் ஊர், என்ற வெல்ஷ் பெயருடன் வெல்ஷ் ஊராகவே தொடர்ந்தது.

நான்காவது சான்று டென்பி நகரம். நடைபாதையில் வருவோர் கண்டு மகிழும் மதில் சூழ்ந்த ஊர் இது. அதன் வெல்ஷ் பெயர் ‘மீன்களின் சிறுகோட்டை’ எனப் பொருள்படும். நார்மன்கள் வருமுன்பே அங்கே வெல்ஷ் தலைவர்களின் அரண் இருந்தது. அதைப் புகழும் பழைய பாடல் ஒன்று தாலியெசின் நூல் என்னும் சுவடியில் கிடைத்துள்ளது. அரணும் இருந்தது, அரசும் இருந்தது, புலவனும் பாடினான். ஆயினும் வெல்ஷ் அந்நகரத்தின் மொழியாக நீடிக்கவில்லை. 1260இல் லிவெலின் படை ஊரைச் சூறையாடிய பின்னர் எழுந்த மதில்களுக்குள் வாழ்ந்தது ஆங்கிலம்.

அப்படியானால் எல்லையை நிறுத்தியது எது? என் கணிப்பில், உழுத நிலமும், திருமணமும், சந்தையும். தெற்கில் உழுகுடிகளே பெருந்தொகையாக வந்து குடியமர்ந்தனர். மேனர்பியரைச் சுற்றி அவர்கள் பகுத்த நீள்பட்டை வயல்களின் வடிவம் வேலிகளில் இன்றும் தெரிகிறது. 1603இல் இம்மாவட்டத்தை விரிவாக வருணித்த ஜார்ஜ் ஓவன், ஏறத்தாழ 74 பங்குகளில் ஆங்கிலேயரும் 64 பங்குகளில் வெல்ஷ் மக்களும் வாழ்வதாகவும், இருமொழியும் வழங்கும் பங்குகள் மிகச் சிலவே என்றும் கணக்கிட்டார். இரு தரப்பாரும் தமக்குள் மணஉறவு கொள்வது அரிது. தெற்கே வெல்ஷ்காரன் ஒருவன் வந்தால், அதோ ஒரு வெல்ஷ்காரன் போகிறான் என்று ஒருவருக்கொருவர் சுட்டிக்காட்டுவார்களாம். அவர் இதை எழுதியபோது எல்லைக் கோட்டைகளின் போர்க்காலம் முடிந்து நெடுநாளாகிவிட்டது. கேலி செய்யும் அந்த விரல் எந்தக் கோபுரத்தையும்விட உறுதியான எல்லைக்கல்லாக எனக்குத் தோன்றுகிறது. ஃபிளெமிஷ் குடிகளும் உழவர்கள்தாமே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அவர்களுடைய அண்டை வீட்டாரும், சந்தையில் எதிரே நின்றவரும் ஆங்கிலம் பேசினர். மணஉறவும் அவ்வழியே சென்றது. ஒரே பேச்சுக் குடும்பத்தைச் சேர்ந்த இரு மொழிகள் அவை என்பதால், கரைவதும் எளிதாயிற்று.

அந்த எல்லை இப்போது வரைபடத்தில் முன்போல் கூர்மையாக இல்லை. வடக்கே வெல்ஷ் பேசும் வீடுகள் குறைந்து வருகின்றன. தெற்கே, கோட்டை வரிசைக்கு உள்ளே, ஹேவர்ஃபோர்ட்வெஸ்டில், 3 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு வெல்ஷ் வழியில் கற்பிக்கும் பள்ளி ஒன்று 2018இல் திறக்கப்பட்டது. ஃபிளெமிஷ் குடியேற்றத்தின் நடுவாக இருந்த அந்த ஊரில், கூரையற்ற கோட்டைச் சுவர்கள் ஆற்றுக்கு மேலே நிற்கின்றன. பள்ளியின் பெயர் கேர் எலென். ‘கேர்’ என்றால் வெல்ஷில் கோட்டை.