மந்தகதியும் தனிக்குரலும்: கேண்டில்மாஸ் குழுவின் முதல் இசைத்தட்டு

1986-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரெஞ்சு நாட்டுப் பிளாக் டிராகன் கம்பெனியார் வெளியிட்ட ‘எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்’ என்னும் இசைத்தட்டு, ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில் தோன்றிய கேண்டில்மாஸ் குழுவினரின் முதல் படைப்பாகும். விற்பனை சொற்பமாயிருந்தமையால் கம்பெனியார் அக்குழுவினரை விரைவிலேயே கைவிட்டனர். ஆயினும், டூம் மெட்டல் என்று இன்று வழங்கும் சங்கீத வகைக்கு இலக்கணம் கூறப் புகுவோர் எவரும் இத்தட்டின் ஆறு பாட்டுக்களைத் தவிர்த்து மேலே செல்ல இயல்வதில்லை. அவ்விலக்கணத்தின் சாரம் மந்தகதியே என்பது பொதுவாக நிலவும் கொள்கை. இத்தட்டைப் பொறுத்தவரை மந்தகதி ஒரு சாதனமே என்பதும், அதனால் சாதிக்கப்பட்டது மனிதக் குரலின் சுதந்திரமே என்பதும் என் துணிபு.

மந்தகதியைக் கேண்டில்மாஸ் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1970-இல் பர்மிங்ஹாம் நகரத்துப் பிளாக் சாபத் குழுவினர் தம் முதல் தட்டின் முதற்பாட்டிலேயே அதனைக் கையாண்டனர். அமெரிக்காவிலும் டிரபிள், செயிண்ட் வைட்டஸ் என்னும் குழுவினர் 1984-லேயே அவ்வழியில் தட்டுக்கள் வெளியிட்டுவிட்டனர். கேண்டில்மாஸின் பாட்டுக்களை இயற்றியவரும் பேஸ் கிதார் வாசித்தவருமான லீஃப் எட்லிங், சாபத்தின்பால் தமக்குள்ள பக்தியை மறைத்தவரல்லர். ஆகவே இத்தட்டைச் சாபத்தின் பிரதிபிம்பம் என்று சொல்லி அமைவோருக்கு முகாந்திரம் இல்லாமலில்லை. ஆனால் செவிகொடுத்துக் கேட்போருக்குப் பேதம் புலனாகும். சாபத்தின் ‘அயர்ன் மேன்’ பாட்டில் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன், கிதாரின் ரிஃப் (திரும்பத் திரும்பச் சுழன்று வரும் ஸ்வரவரிசை) எந்த ஸ்வரங்களின் வழியே செல்கிறதோ அவற்றையே அடியொற்றிப் பாடுகிறார். கேண்டில்மாஸின் ‘சாலிட்யூட்’ பாட்டிலோ, அகூஸ்டிக் கிதாரின் மெல்லிய வாசிப்போடு தாழ்ந்த குரலில் தொடங்கும் பாடகர், மின்கிதார்கள் கனத்து விழுந்தபின் அவற்றோடு இறங்காமல் மேல்ஸ்தாயிக்கு ஏறி, கீழே ரிஃப் ஒரு வட்டம் முடிக்கும்வரை ஒரே ஸ்வரத்தை நீட்டி நிற்கிறார். ரிஃப் எவ்வளவுக்கெவ்வளவு மெதுவாக நகர்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு குரலுக்கு மூச்சுவிட இடம் உண்டாகிறது.

தட்டு வெளிவந்த 1986-ஆம் ஆண்டின் போக்கே இம்மந்தகதிக்கு நேர்மாறாக இருந்தது. அக்டோபரில் ஸ்லேயர் குழுவினர் வெளியிட்ட ‘ரெய்ன் இன் பிளட்’ பத்துப் பாட்டுக்களையும் சுமார் 29 நிமிடங்களில் பாடி முடித்தது; கேண்டில்மாஸுக்கு ஆறு பாட்டுக்களுக்கே 40 நிமிடங்கள் போதவில்லை. (அவற்றுள் ஒன்பது நிமிடத்தைத் தாண்டும் ‘டெமன்ஸ் கேட்’ பாட்டின் முகப்பில் வரும் பேச்சு, நாடகமேடைப் பேய்க்குரலாக இருப்பதை ரசிகர்களே ஒப்புக்கொள்வர்.)

மந்தகதியே சர்வமும் என்பார், கடைசிப் பாட்டாகிய ‘எ ஸார்சரர்ஸ் பிளெட்ஜ்’ நடுவிலே வேகம்பிடித்து ஓடுவதற்குச் சமாதானம் கூறியாக வேண்டும். என் கொள்கைக்கு அதனால் இடையூறில்லை; தாளம் விரைந்தபின்னும் பாட்டை நடத்திச் செல்வது குரலே. முடிவில் சாஹித்யமே இல்லாத ஒரு பெண்குரலிடம் பாட்டு ஒப்படைக்கப்படுவதும் இதற்கு அனுகூலமான சாட்சி.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். இத்தட்டில் பாடிய யோஹான் லெங்க்விஸ்ட், ஒலிப்பதிவுக்காக மட்டும் வந்த விருந்தினர். மறு ஆண்டு ‘நைட்ஃபால்’ தட்டில் மெஸையா மார்க்கோலின் அவ்விடத்துக்கு வந்தார். கமகம்போல் அகன்று அதிரும் அவருடைய ஓபரா பாணிக் குரலே குழுவின் கீர்த்திக்குக் காரணமென்று பலரும் கருதுவர். முதல் தட்டிலிருந்த ‘அண்டர் தி ஓக்’ பாட்டை 1989-இல் ‘டேல்ஸ் ஆஃப் கிரியேஷன்’ தட்டுக்காக மார்க்கோலின் மீண்டும் பாடியிருப்பது நம் பரீட்சைக்கு உதவுகிறது. அலங்காரம் மாறியிருக்கிறது, மெட்டு மாறவில்லை. குரலுக்கான ஸ்தானத்தை எட்லிங் இசையமைப்பிலேயே ஒதுக்கிவைத்திருந்தார். லெங்க்விஸ்ட் முதலில் நிரப்பியதும், மார்க்கோலின் பின்னர் விஸ்தரித்ததும் அந்த ஸ்தானத்தையே. 2018-இல், மூன்று தசாப்தங்களுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப்பின், லெங்க்விஸ்ட் நிரந்தரப் பாடகராகத் திரும்பிவந்து, மறு ஆண்டே ‘தி டோர் டு டூம்’ தட்டில் தடையின்றிப் பாட முடிந்ததற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.