மலைநாட்டுக் கூத்தரங்கிற் கோமாளி

மெய்ப்பாடுகள் எட்டினையும் வகுத்துரைத்த தொல்காப்பியனார் நகையை முதற்கண் வைத்தார். எள்ளலும் இளமையும் பேதைமையும் மடமையும் அதன் நிலைக்களன்கள் என்பது அவர் கொள்கை. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லாரும் விநோதக் கூத்தின் வகைகளைத் தொகுத்துரைக்குமிடத்து விதூடகக் கூத்தினைச் சுட்டிச் செல்கின்றார். நகை எவ்வாறு பிறக்கின்றது என்பதனை நம் முன்னோர் நன்கு ஆராய்ந்துள்ளனர். ஆயின், நகையைத் தோற்றுவிப்பவன் தன் தொழிலை எங்ஙனம் கற்றான்? முதன்முறை அரங்கேறும் இளைஞனுக்குக் குற்றமும் குணமும் எடுத்துரைத்தவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காண நூல்களை மட்டும் துணைக்கொண்டால் போதாது. மக்கள் கூடியிருந்து கூத்துக் கண்ட களங்களையும் நோக்குதல் வேண்டும். அத்தகைய களங்களுள் ஒன்று இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அமைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிச் செய்கை மலைநாட்டிற் பரவத் தொடங்கியது. அத்தொழிலின் பொருட்டுத் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய தென்னிந்தியப் பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் கங்காணிமார் வழியாக அழைத்து வரப்பட்டனர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையை வணிகப் பயிராக நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. நுவரெலியா, தலவாக்கலை, அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை என நீளும் மலைச்சாரல்களெல்லாம் பசுமை போர்த்தன. அப்பசுமையின் நடுவே, வரிசையாய்க் கட்டப்பட்ட லயங்களின் சிற்றறைகளில், அதனை உண்டாக்கிய மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் கடல் கடந்தபோது கொண்டுவந்த உடைமைகள் மிகச் சில. அவற்றுள் எவராலும் பறிக்கலாகாததாய் இருந்தது கூத்து.

காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலைநாட்டுக் கூத்துக்களுட் சிறந்தனவாக எண்ணப்படுவன. இவற்றுள் காமன் கூத்து மாசித் திங்களுக்குரியது. அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையளவிற் கம்பம் ஊன்றப்படும். அன்றுமுதற் பூரணை வரையுள்ள இரவுகள் ஆட்டத்துக்குரியன. இரதியும் மதனுமாக வேடம் பூண்டோர் தப்பொலி முன்செல்ல லயங்கள்தோறும் சென்று ஆடுவர். இறுதி இரவிலே சிவனது நெற்றிக்கண்ணால் மதன் எரிக்கப்படுதலும் இரதி புலம்பலும் நிகழும். ஆடுவோர் தொழில்முறை நடிகர் அல்லர். பகலிற் கவ்வாத்து வெட்டியும் முள்ளுக் குத்தியும் களைத்த கைகளே இரவில் வில்லும் அம்பும் ஏந்தின.

இக்கூத்துக்களில் இரதிக்கும் மதனுக்கும் வீரபத்திரனுக்கும் வரையறுத்த பாட்டும் ஆட்டமும் உண்டு. கூத்து வாத்தியார் அவற்றைச் சொல்லிக் கொடுப்பார். மாணவன் கேட்டு, மனனம் செய்து, அடி பிசகாமல் ஆடப் பழகுவான். கோமாளியின் நிலை இதனின் வேறு. அவனுக்கென்று எழுதிவைத்த ஏடு இல்லை. ஒருவர் வேடம் மாற்றும் வரையிலோ, பாடியவர் இளைப்பாறும் வரையிலோ கிடைக்கும் சிறுபொழுதே அவனுக்குரியது. அச்சிறுபொழுதில், மலைப்பனியிற் கம்பளி போர்த்து அமர்ந்திருக்கும் கூட்டத்தை உறங்கவிடாது காத்தல் அவன் கடமை. வாத்தியார் அவனுக்கு நடை, வேடம், புகும் இடம், நீங்கும் இடம் ஆகியவற்றைக் காட்டலாம். எப்போது நகைப்பு எழும் என்பதனைக் காட்ட அவராலும் இயலாது. அதனைக் கற்பிக்க வல்லோர் எதிரே அமர்ந்திருந்தோரே.

லயங்கள்தோறும் சென்று ஆடும் வழக்கம் புதிதாய்ப் பழகுவோனுக்குப் பெரியதொரு பள்ளியாயிற்று. முதல் லயத்து வாசலிற் சொன்ன சொல்லுக்கு நகைப்பு எழாதொழியின், அடுத்த லயத்தை அடையுமுன் அதனை விட்டுவிடலாம். அன்றேல் திருத்திச் சொல்லலாம். நகைப்பு எழுந்த இடத்திற் சற்றே நின்று, அது தணியும் வேளையில் அடுத்த சொல்லை இடலாம். இவ்வாறு ஒரே மாலையிற் பலமுறை ஆடிப் பலமுறை திருந்தும் வாய்ப்பு, வரையறுத்த பாடம் உடைய மற்றை நடிகருக்கு அத்துணை எளிதிற் கிட்டுவதன்று. அவையோரின் தீர்ப்பும் ஒளிவுமறைவு அற்றது. சிறுவர் முதலிற் சிரிப்பர். பெண்டிர் முந்தானையால் வாய் பொத்துவர். பல ஆண்டு கூத்துக் கண்ட முதியோர் முகம் இளகினால் அதுவே பட்டயம். மகிழ்ந்தோர் காசு கொடுப்பர். எவரும் அசையாதிருப்பரேல், அந்த மௌனத்தினும் கடிய கண்டனம் வேறில்லை.

இக்கல்விமுறை மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்து நாடகக் கம்பெனிகளிற் பபூன் என வழங்கப்பட்ட நகைச்சுவை நடிகரும் அவையின் முகக்குறி நோக்கியே தம் சொல்லை வளர்த்தனர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) இத்தகைய நாடக மேடையிற் பயின்று திரையுலகிற் புகுந்தவரே. மேலைநாட்டிலும் இதனை ஒத்த முறை உண்டு. 1979இல் இலண்டன் மாநகரில் தொடங்கப்பெற்ற ‘காமெடி ஸ்டோர்’ என்னும் அரங்கிலே புதியவர் தனியராய் நின்று சிறிதுநேரம் பேசுவர். அவையோர் பொறுமை இழந்தாற் சேகண்டி ஒலிக்கும். பேசியவர் இறங்கிவிடுதல் வேண்டும். இக்காலத்துச் சென்னையிலும் ‘ஓப்பன் மைக்’ என வழங்கும் திறந்த மேடைகளிற் புதியோர் சில நிமிடம் பேசி, எது எடுபட்டது, எது எடுபடவில்லை என ஆராய்ந்து கொள்கின்றனர். ஆயின் அம்மேடைகளிற் பேசுவோனும் கேட்போரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவர். தோட்டத்துக் கோமாளியோ மறுநாட் காலையிலே தன் அவையினருடன் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவன். அவனுடைய வெற்றியும் தோல்வியும் பீலிக்கரை வரை அவனைத் தொடர்ந்து செல்வன.

அவனுக்குப் பொருளாய் அமைந்தது யாது? அன்றாட வாழ்க்கையே. துரை, பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை ஆகிய மூவரும் தோட்டத்தின் அதிகாரப் படிகள். தன் கீழுள்ள ஆட்கள் வேலைக்கு வரும் நாட்களைக் கணக்கிட்டுத் தலைக்காசு பெற்றவர் பெரிய கங்காணி. ஆட்களின் கடனைக் குறித்த துண்டு ஒன்றினால் அவர்களைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றும் முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை நிலவியது. கொழுந்தின் நிறை குறைந்தால் நாள் முழுதும் உழைத்தவளுக்கும் ‘அரைப்பேர்’ போடப்படுவதுண்டு. இவற்றை நேர்நின்று வினவுதல் எளிதாயிருந்ததில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, வேலையை விட்டு நீங்குதலே தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. ஆதலின், சொல்லத் தகாததைச் சொல்லும் பொறுப்பு கோமாளியின் கோணற் குல்லாய்க்குள் அடைக்கலம் புகுந்தது. கங்காணியின் நடையை நடந்து காட்டுவதற்கும், நிறுக்கும் தராசைப் போலச் சாய்ந்து நிற்பதற்கும் சொற்களே வேண்டியதில்லை.

துரையின் தமிழும் நகைக்கு விளைநிலமே. தோட்டத்துக்குப் புதிதாய் வரும் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கொழும்பில் ஒரு கைந்நூல் அச்சிடப்பட்டது. அதன் பெயர் ‘இங்கே வா’. தொன்மைமிக்க மொழியொன்றைக் கற்கப் புகுவோனுக்கு முதலில் வேண்டப்பட்டது ஓர் ஏவல் வினை என்பது எண்ணத்தக்கது. அவ்வேவலைப் பகலெல்லாம் கேட்ட செவிகள், இரவிலே கோமாளி அதனையே உருக்குலைத்து ஒலிக்கக் கேட்டால் நகைக்காதொழியுமோ? தொல்காப்பியர் கூறிய எள்ளல் இங்கே வலியோர்மீது மெலியோர் தொடுத்த கணையாயிற்று.

ஆயினும் கோமாளியை முற்றிலும் புகழ்ந்து அமைதல் வரலாற்று நெறியன்று. அவனுடைய எள்ளல் எப்பொழுதும் மேனோக்கியே சென்றதெனல் பொருந்தாது. குறவன் குறத்தி வேடங்களிலும், பெண் வேடம் பூண்ட ஆடவரின் கொச்சைப் பேச்சிலும், உடற்குறை உடையோரைப் போல நடித்துக் காட்டலிலும் நகை எளியோரின் மேற் பாய்ந்ததும் உண்டு. கைம்மாறு செய்ய இயலாதோரை எள்ளுதல் இலகு. அதற்கு உடனே சிரிப்பும் கிடைக்கும். எனவே அவையின் நகைப்பு நல்லாசானும் ஆம், தீயாசானும் ஆம். எந்த நகைப்பை நாடுதல் வேண்டும், எதனை விலக்குதல் வேண்டும் என்னும் தேர்ச்சியே கோமாளியின் கல்வியில் முடிவான பாடம். அதனைக் கற்றோரும் கல்லாதோரும் இருந்திருப்பர்.

இக்கலைக்கு நேர்ந்த நலிவு மக்களுக்கு நேர்ந்த நலிவினின்றும் பிரித்து எண்ணத்தக்கதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புதற்கும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குதற்கும் வகைசெய்தது. ஒரே லயத்து மக்கள் இரு நாட்டினராயினர். வாத்தியார் கப்பலேற மாணவன் தங்கிய இடமும், மாணவன் நீங்க வாத்தியார் தனித்த இடமும் உண்டாதல் இயல்பே. கேட்டுப் பழகும் கலைக்குக் கேட்போரும் சொல்வோரும் பிரிதலினும் பெரிய கேடு இல்லை. பின்னர் வானொலியும் திரைப்படமும் தொலைக்காட்சியும் லயத்து வாசலுக்கே நகைச்சுவையைக் கொணர்ந்தன. அவை சிரிப்பிக்க வல்லன. ஆயின் சிரிப்போரின் முகம் நோக்கித் திருந்த வல்லன அல்ல.

தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாய் 1947இல் நாடாளுமன்றம் புகுந்தவரும் கவிஞருமான சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து வைத்தார். அன்னாரின் உழைப்பால் எத்தனையோ பாடல்கள் அழியாது பிழைத்தன. 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைப் புதுமெருகிட்டு மேடையேற்றியதும் தமிழர் மறவாத பணி. பாடலை ஏட்டில் எழுதலாம். ஆட்டத்தைப் பயிற்றி மேடையேற்றலாம். கோமாளியின் சொல்லோ இவ்விரு வகைக்கும் எளிதில் அடங்குவதன்று. அது அந்த மாலைக்கென, அந்த லயத்துக்கென, அங்கே அமர்ந்திருந்த ஒருவரை நோக்கிப் பிறந்தது. மறுநாள் எழுதினால் உயிர் நீங்கிய சொல்லாகிவிடும்.

ஆகவே இக்கலையைப் பேண விழைவோர் பழைய வேடிக்கைகளைத் தேடித் தொகுப்பதோடு அமைதல் ஆகாது. பேணத்தக்கது களம். இளைஞன் ஒருவன் அச்சத்தோடு எழுந்து நின்று தன் சிறுபொழுதைப் பெறுதலும், அவனை நன்கறிந்தோர் தயங்காது நகைத்தோ நகையாதிருந்தோ தீர்ப்பளித்தலும், அத்தீர்ப்பை ஏற்று அவன் அடுத்த வாசலில் திருந்தி நிற்றலும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அக்களம். இன்றும் மலைநாட்டுத் தோட்டங்கள் சிலவற்றில் மாசித் திங்களிற் கம்பம் ஊன்றப்படுகின்றது, தப்பும் ஒலிக்கின்றது. அங்கே இரதி மதனுக்கு அளிக்கும் மதிப்பிற் சிறு கூறேனும் கோமாளிக்கும் அளிக்கப்படுமாயின், தம்மை ஆண்டோரைக் கண்டு அஞ்சியும் அவரை எண்ணி நகைத்தும் வாழ்ந்த ஒரு மக்களின் வரலாறு, ஏடுகள் சொல்லாத பகுதியையும் சேர்த்து, வருங்காலத்தாரைச் சென்றடையும்.