கொரோனா உயிரிழப்பு விகிதம் நாட்டுக்கு நாடு வேறுபட்டது ஏன்?

கொரோனா பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் உலகம் முழுவதும் சுமார் 54 லட்சம் பேர் உயிரிழந்ததாக நாடுகள் அதிகாரபூர்வமாக அறிவித்தன. ஆனால், அதே காலகட்டத்தில் பெருந்தொற்றுடன் தொடர்புடைய உயிரிழப்புகள் ஏறத்தாழ 1.49 கோடி என்று உலக சுகாதார அமைப்பு 2022 மே 5-ஆம் தேதி வெளியிட்ட மதிப்பீடு தெரிவித்தது.

ஒரே தீநுண்மி பரவியபோதும் சில நாடுகளில் உயிரிழப்பு மிக அதிகமாகவும், சில நாடுகளில் மிகக் குறைவாகவும் பதிவானது. இந்த வேறுபாட்டின் ஒரு பகுதி உண்மையானது. மற்றொரு பகுதி, இறப்புகள் கணக்கிடப்பட்ட விதத்தால் ஏற்பட்டது.

எந்த விகிதம்?

தொற்று உறுதி செய்யப்பட்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் உயிரிழந்தனர் என்பது ஒரு விகிதம். பரிசோதனை குறைவாக நடைபெறும் நாட்டில் லேசான பாதிப்புகள் கணக்கில் வராததால், இந்த விகிதம் உயர்ந்து காணப்படும். பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள் உள்பட தொற்றுக்குள்ளான அனைவரிலும் உயிரிழந்தோர் எத்தனை பேர் என்பது இரண்டாவது விகிதம். மொத்த மக்கள்தொகையில் 10 லட்சம் பேருக்கு எத்தனை இறப்பு என்பது மூன்றாவது. ஒரு நாட்டின் ஒரு விகிதத்தை, வேறொரு நாட்டின் மற்றொரு விகிதத்துடன் ஒப்பிடுவது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

வயதே முதன்மைக் காரணி

தடுப்பூசி வருவதற்கு முன்பு 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, தொற்றுக்குள்ளானவர்களில் உயிரிழக்கும் வாய்ப்பு 10 வயதில் 0.002 சதவீதம், 55 வயதில் 0.4 சதவீதம், 75 வயதில் 4.6 சதவீதம், 85 வயதில் 15 சதவீதம். ஆப்பிரிக்க மக்களில் பாதிப் பேர் 20 வயதுக்கு உள்பட்டவர்கள். ஐரோப்பாவிலோ பாதிக்கும் மேற்பட்டோர் 40 வயதைக் கடந்தவர்கள். தொற்று சம அளவில் பரவினாலும், முதியோர் மிகுந்த சமூகத்தில் உயிரிழப்பு அதிகமாக இருக்கும்.

எல்லை, ஆக்சிஜன், தடுப்பூசி

2020 மார்ச்சிலேயே எல்லைகளை மூடிய நியூஸிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய தீவு நாடுகளில், முதல் இரு ஆண்டுகளில் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையைவிடக் குறைவான இறப்புகளே நிகழ்ந்தன.

மாறாக, பிரேசிலின் மனாஸ் நகரில் 2021 ஜனவரியிலும், இந்தியாவின் பல நகரங்களில் அதே ஆண்டு ஏப்ரல், மே மாதங்களிலும் மருத்துவ ஆக்சிஜன் தட்டுப்பாடு ஏற்பட்டது. சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்களும் உயிரிழந்தனர்.

ஹாங்காங் இரண்டு ஆண்டுகள் தொற்றைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. எனினும், அங்கு முதியோரில் பலர் தடுப்பூசி செலுத்திக் கொள்ளவில்லை. 2022 தொடக்கத்தில் ஒமைக்ரான் பரவியபோது, உயிரிழப்பு விகிதம் உலகிலேயே மிக அதிகமான நிலையை எட்டியது. முதியோருக்குப் பரவலாகத் தடுப்பூசி செலுத்தியிருந்த நியூஸிலாந்தில் அதே அலையில் உயிரிழப்பு மிகக் குறைவாக இருந்தது.

கணக்கில் வராத இறப்புகள்

பெல்ஜியம், முதியோர் இல்லங்களில் பரிசோதனையின்றி உயிரிழந்தவர்களையும் தொற்று இருந்திருக்கலாம் என்ற அடிப்படையில் 2020-இல் கணக்கில் சேர்த்தது. இதனால் அந்நாட்டின் விகிதம் தொடக்கத்தில் மிக உயர்ந்து காணப்பட்டது. பெரு நாடு 2021 மே இறுதியில் தனது கணக்கைத் திருத்தியபோது, மொத்த உயிரிழப்பு 69,342-இலிருந்து 1,80,764-ஆக உயர்ந்தது.

ஜாம்பியா தலைநகர் லுசாகாவில் 2020-இல் பிணவறைக்கு வந்த 364 உடல்களை ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். அவற்றில் 70 உடல்களில் கொரோனா தீநுண்மி கண்டறியப்பட்டது. அந்த 70 பேரில் உயிருடன் இருந்தபோது பரிசோதனை செய்யப்பட்டவர்கள் 6 பேர் மட்டுமே. ஆப்பிரிக்காவில் உயிரிழப்பு குறைவாகப் பதிவானதற்கு இளம் மக்கள்தொகை மட்டுமே காரணமல்ல என்பதை இந்த ஆய்வு உணர்த்தியது.

இதனால்தான், வழக்கமாக எதிர்பார்க்கப்படும் இறப்புகளையும் உண்மையில் நிகழ்ந்த இறப்புகளையும் ஒப்பிட்டு, 'மிகை இறப்பு' கணக்கிடப்படுகிறது. மருத்துவமனைகள் நிரம்பியதால் பிற நோய்களுக்குச் சிகிச்சை கிடைக்காமல் உயிரிழந்தவர்களும் இதில் அடங்குவர்.

இந்தியாவின் நிலை

2021 இறுதி வரை இந்தியா அறிவித்த உயிரிழப்பு சுமார் 4.8 லட்சம். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு சுமார் 47 லட்சம். இதற்குப் பயன்படுத்தப்பட்ட கணித முறையை ஏற்க முடியாது என மத்திய அரசு மறுப்புத் தெரிவித்தது. குடிமைப் பதிவு முறையின்படி 2019-இல் 76.4 லட்சமாகவும், 2020-இல் 81.2 லட்சமாகவும் இருந்த இறப்புப் பதிவுகள், 2021-இல் 1.02 கோடியாக உயர்ந்தன. இறப்புகளைப் பதிவு செய்யும் வழக்கம் மேம்பட்டு வருவதால், இந்த உயர்வு முழுவதையும் கொரோனா உயிரிழப்பாகக் கருத இயலாது.

இந்தக் கணக்கு, புள்ளிவிவர நிபுணர்களுக்கு மட்டும் உரிய விவகாரம் அன்று. கொரோனாவால் உயிரிழந்தோரின் குடும்பத்தினருக்கு ரூ.50,000 கருணைத்தொகை வழங்கப்பட்டது. இறப்புச் சான்றிதழில் கொரோனா குறிப்பிடப்படவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இத்தொகையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 4-ஆம் தேதி உத்தரவிட்டது. பரிசோதனை வசதியின்றி வீட்டிலேயே உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு, நோயை நிரூபிக்கும் ஆவணங்களைத் திரட்டுவது அதன் பின்னரும் எளிதாக இருக்கவில்லை.