ஒரே தமிழ், பல குறியீடுகள்: நாம் ஒன்றுபட்ட கதை

பலர் சேர்ந்து கணினியில் ஒரு பணியைச் செய்ய வேண்டுமானால், முதலில் அனைவருக்கும் பொதுவான கருவிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிரல் எழுதுவோர் இதனை நன்கு அறிவர். தமிழர்களாகிய நாம் இந்த உடன்பாட்டை எட்டக் கால் நூற்றாண்டு ஆயிற்று. அவ்வரலாற்றில் நம் கோலாலம்பூருக்கும் பங்குண்டு.

மலேசியரான திரு. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அக்காலக் கணினியில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. முதல் 128 ஆங்கிலத்திற்கு உரியவை. எஞ்சிய 128-இல் தமிழின் 247 எழுத்துகளை அடக்க இயலாது. எனவே கொம்பு, கால், விசிறி என எழுத்துகளைத் துண்டுகளாக்கி வைத்தனர். எந்தத் துண்டு எந்த இடத்தில் என்பதை ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்தது. சிக்கல் இங்கேதான் தோன்றியது.

கிள்ளானிலுள்ள ஆசிரியர் ஒருவர் தட்டச்சு செய்த தேர்வுத்தாளைப் பிரிக்பீல்ட்ஸில் திறந்தால், புரியாத குறிகளே திரையில் நிற்கும். தாளுடன் எழுத்துருவையும் வட்டில் போட்டுக் கொடுத்தனுப்பிய காலத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

தீர்வு தேடி 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999-இல் சென்னையில் அடுத்த மாநாடு நடைபெற்றது. அதன் பயனாகத் தமிழக அரசு 'தமிழ்99' விசைப்பலகையை அறிவித்தது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கே விசைகளில் 'அம்மா' வந்துவிடும். நம் இலக்கணத்தையே விசைகளில் அமைத்த அழகு இது! ஆனால் அதே ஆண்டில் டாம், டாப் என்னும் இரு குறியீடுகளும் அரசால் அறிவிக்கப்பட்டன. ஆர்வலர்கள் உருவாக்கிய திஸ்கி இன்னொரு பக்கம் வளர்ந்தது. விசைப்பலகை ஒன்றாயிற்று, குறியீடு ஒன்றாகவில்லை.

2000-இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. பல நாட்டு வல்லுநர்கள் நம் மண்ணில் கூடினர்.

இறுதியில் நிலைபெற்றது ஒருங்குறி. 1991-இலேயே அதில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதிலும் குறை கண்டவர்கள் உண்டு. 'கொ' என்னும் ஓர் எழுத்துக்கு இரண்டு இடங்கள் தேவைப்படுகின்றனவே என்றனர். அவர்கள் வாதம் பொருளற்றதன்று. ஆயினும் விண்டோஸ் 2000 முதல் ஒருங்குறித் தமிழ் கணினியோடே வந்தது. தனியாக எழுத்துரு தேட வேண்டிய தேவை குறைந்தது. தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. குறையற்ற கருவி என்பதனால் அது வெல்லவில்லை. எல்லாரிடமும் இருக்கும் கருவி என்பதனால் வென்றது. கூட்டுப்பணிக்குக் கருவி தேடுவோர் கருத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு நற்சான்று. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தனர். திஸ்கியைப் பயன்படுத்தியவர்கள், பின்னர் ஒருங்குறிக்கு மாறினர். உரிய காலத்தில் மாற்றியதால் அந்நூல்களை இன்று நம் மாணவர்கள் கைப்பேசியிலேயே படிக்கிறார்கள்.

நம் பள்ளிகளின் நிலை என்ன? பள்ளி மலர்கள், மாணவர் கட்டுரைகள், பயிற்சித்தாள்கள் எனப் பழைய குறியீடுகளில் எத்தனையோ கோப்புகள் உறங்குகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றியபின் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் திஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்ற வரிசையில் இருக்கும்; ஒருங்குறியிலோ மெய்யே முன்னால் வரும். வரிசை பிறழ்ந்தால் சொல் சிதையும்.

ஆசிரியப் பெருமக்களே, பழைய வட்டுகளைத் திறக்கும் கருவிகள் அரிதாகி வருகின்றன. அவற்றை எழுதியவர்களும் ஓய்வு பெற்று வருகின்றனர். இந்த விடுமுறையில் ஒரு வட்டையேனும் திறந்து பாருங்கள்.